பரீட்சை முடிந்தது, சோதனை முடியவில்லை!

என்ஜினீயரிங் நுழைவுப் பரீட்சை எழுதிய பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும் அடுத்துச் செய்ய வேண்டியது என்ன?

2024-ம் ஆண்டு, ஜூன் மாதம் 24-ந் தேதி. மாலை 5 மணி.

உத்தரப் பிரதேசத்தில் ஓர் ஏழைக் குடும்பம். தகப்பனார் தினக்கூலித் தொழிலாளி. அவருடைய மகன் ஐ.ஐ.டி. நுழைவுப் பரீட்சையில் தேறிவிட்டார். தன்பாத் நகரில் உள்ள ஐ.ஐ.டி.யில் எலெக்ட்ரிக்கல் என்ஜினீயரிங் படிக்க இடமும் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு வேலைதான் பாக்கி. 17,500 ரூபாய் கட்ட வேண்டும். அன்று மாலை 5 மணிக்குள் கட்டியாக வேண்டும்.

பணத்தைப் புரட்டத் தகப்பனார் பாடுபட்டார். பணம் கைக்கு வந்தபோது, கெடு முடியச் சில நிமிடங்களே இருந்தன. மகன் அவசர அவசரமாக விவரங்களைப் பதிவு செய்தார். அதற்குள் மணி ஐந்து ஆகிவிட்டது. பணம் ஏறவில்லை. இடம் போய்விட்டது!

அந்த வாலிபர் பரீட்சை எழுதியது அது இரண்டாவது தடவை. ஐ.ஐ.டி. பரீட்சையை இரண்டு தடவைக்கு மேல் எழுத முடியாது. எழுத்திலே ஜெயித்த பிள்ளை, மணிக்கணக்கிலே தோற்றுப்போனார்.

அவர் சும்மா இருக்கவில்லை. அந்த ஆண்டு பரீட்சையை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. ஆகவே சென்னை ஐகோர்ட்டுக்கும் வந்து முறையிட்டார். கடைசியில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். செப்டம்பர் 30-ந் தேதி, தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் நீதிபதிகள் தீர்ப்புக் கூறினார்கள். திறமையுள்ள ஒரு பிள்ளையைப் பணம் இல்லாத காரணத்தால் கைவிட முடியாது என்றார்கள். வேறு யாருடைய இடத்தையும் பறிக்காமல், கூடுதலாக ஓர் இடம் உண்டாக்கி அவரைச் சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார்கள்.

நியாயம் கிடைத்தது. ஆனால் எல்லாப் பிள்ளைகளாலும் டெல்லி வரை போக முடியுமா?

பரீட்சை எழுதியவுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். அப்படி அல்ல. முதல் பரீட்சையைப் பிள்ளை எழுதுகிறது. இரண்டாவது பரீட்சையைக் குடும்பம் எழுத வேண்டியிருக்கிறது. அதில் கேள்விகள் நான்கு: சான்றிதழ், பட்டியல், பணம், தேதி. இந்த நான்கில் ஒன்று தவறினாலும், வாங்கிய மதிப்பெண் வீணாகிவிடும்.

இரண்டு பாதைகள்

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இன்று இரண்டு பாதைகள் இருக்கின்றன.

ஒன்று, மாநிலப் பாதை. 1984-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பாரமாக இருக்கிறது என்று 2006-ல் சட்டசபையில் சட்டம் இயற்றி, அதை எடுத்துவிட்டார்கள். அதன் பின் மாநில என்ஜினீயரிங் கல்லூரிகளுக்குப் பிளஸ்-2 மதிப்பெண்தான் கணக்கு. கணக்குப் பாடத்துக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50, ஆக 200. இதைத்தான் ‘கட்-ஆப்’ என்கிறார்கள்.

மற்றொன்று, மத்தியப் பாதை. ‘ஜே.இ.இ. மெயின்’ என்ற நுழைவுப் பரீட்சை அது. 2021 முதல் அதைத் தமிழிலும் எழுதலாம். என்.ஐ.டி. கல்லூரிகளுக்கும் மத்திய ஐ.ஐ.ஐ.டி.களுக்கும் அந்தப் பரீட்சையின் ராங்க் போதும். அதில் முன்னணியில் வரும் சுமார் 2,50,000 பேர் ‘ஜே.இ.இ. அட்வான்ஸ்டு’ என்ற அடுத்த பரீட்சையை எழுதலாம். ஐ.ஐ.டி.க்குப் போகும் வழி அதுதான். நாட்டில் ஐ.ஐ.டி.கள் 23 இருக்கின்றன. என்.ஐ.டி.கள் 31 இருக்கின்றன. 1959-ல் தோன்றிய சென்னை ஐ.ஐ.டி.யும், 1964-ல் தோன்றிய திருச்சி என்.ஐ.டி.யும் நம் மண்ணிலேயே உள்ளன.

மத்தியப் பரீட்சை எழுதிய பல குடும்பங்கள் செய்யும் முதல் தவறு, மாநிலக் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போடாமல் விடுவது. “ஜே.இ.இ. முடிவு வரட்டும், பார்க்கலாம்” என்று இருந்துவிடுகிறார்கள். இப்படிக் காத்திருந்தால் மாநிலத்தின் கடைசித் தேதி போய்விடக்கூடும். இரண்டுக்கும் தனித்தனியே விண்ணப்பம் போட வேண்டும். ஒன்றில் இடம் கிடைத்தால் மற்றொன்றை விட்டுவிடலாம்.

‘பெர்சன்டைல்’ என்றால் என்ன?

முடிவு வந்ததும் வீட்டில் குழப்பம் ஏற்படும். “90 வாங்கியிருக்கிறான். ஆனால் ராங்க் லட்சத்தைத் தாண்டுகிறதே!” என்று தகப்பனார் திகைப்பார்.

அது மதிப்பெண் அல்ல, பெர்சன்டைல். பரீட்சை எழுதிய 100 பேரை வரிசையாக நிறுத்தினால், அவர்களில் 90 பேர் உங்கள் பிள்ளையின் அளவோ அதற்குக் கீழோ இருக்கிறார்கள் என்று பொருள். பரீட்சை எழுதுவோர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஆகவே 90 பெர்சன்டைல் வாங்கிய பிள்ளைக்கு முன்னால் லட்சம் பேர் நிற்கிறார்கள். எனவே ராங்கைப் பாருங்கள். சென்ற ஆண்டு எந்த ராங்க் வரை எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்ற பட்டியலை அரசாங்கமே இணையத்தில் வெளியிடுகிறது. அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தரகர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. நுழைவுப் பரீட்சையில் ராங்க் வந்தால் மட்டும் போதாது. பிளஸ்-2 பரீட்சையில் 75 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். அல்லது தம்முடைய போர்டில் முதல் 20 சதவீதம் பேருக்குள் வந்திருக்க வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கு 65 சதவீதம் போதும்.

சான்றிதழ்: பழசு செல்லாது!

நம் ஊர்க் குடும்பங்கள் அதிகம் இடறி விழும் இடம் இதுதான்.

பிற்பட்ட வகுப்பைச் சேர்ந்த பிள்ளையிடம் மாநில ஜாதிச் சான்றிதழ் இருக்கும். “அதுதான் இருக்கிறதே!” என்று நிம்மதியாக இருப்பார்கள். அது மாநிலக் கலந்தாய்வுக்குச் செல்லும். மத்தியக் கலந்தாய்வுக்குச் செல்லாது! அங்கே ‘ஓ.பி.சி.’ சான்றிதழ் என்று தனியாக ஒன்று வேண்டும். குடும்பம் ‘கிரீமி லேயர்’ என்னும் வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்பதையும் அது சொல்ல வேண்டும். அதுவும் அந்த ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான சான்றிதழுக்கும் இதே விதிதான்.

இந்தக் காகிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 27 சதவீத ஒதுக்கீட்டில் போட்டியிட வேண்டிய பிள்ளை, பொதுப் பிரிவுக்குத் தள்ளப்படும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகும்.

ஆகையால், முடிவு வரும் வரை காத்திருக்காதீர்கள். ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்துக்குப் போங்கள். தாசில்தார் ஆபீசிலிருந்து சான்றிதழ் வருவதற்கு நாள் பிடிக்கும். பெயரின் முன்னெழுத்தும், பிறந்த தேதியும் எல்லாக் காகிதங்களிலும் ஒரே மாதிரியாக இருக்கின்றனவா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பிளஸ்-2 படிப்பை வேறு மாநிலத்தில் முடித்த பிள்ளைகள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். என்.ஐ.டி. இடங்களில் பாதி அந்தந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு உரியது. எந்த மாநிலத்தில் பிளஸ்-2 தேறினாரோ, அதுவே அவருடைய மாநிலம். கோச்சிங் வகுப்புக்காக ஆந்திராவில் போய்ப் படித்துத் தேறிய தமிழ்ப் பிள்ளை, திருச்சியில் வெளி மாநிலத்தவராகத்தான் நிற்பார். பள்ளிக்கூடத்தை மாற்றும் முன்பே இதை யோசிக்க வேண்டும்.

பட்டியல்: பயத்தோடு எழுதாதீர்கள்

மத்தியக் கலந்தாய்வை ‘ஜோசா’ என்ற அமைப்பு 2015 முதல் நடத்துகிறது. எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று பிள்ளைகள் வரிசையாக எழுதித் தர வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம்.

இங்கேதான் பயம் வந்து காரியத்தைக் கெடுக்கிறது. ஒரு பிள்ளைக்குத் திருச்சி என்.ஐ.டி.யில் படிக்க ஆசை என்று வைத்துக்கொள்வோம். “நம் ராங்குக்கு அது கிடைக்காது. அதை முதலில் எழுதினால் மற்றதும் போய்விடும்” என்று யாரோ பயமுறுத்துகிறார்கள். பிள்ளை பயந்து, எளிதில் கிடைக்கும் வேறு ஒரு கல்லூரியை முதல் வரியில் எழுதுகிறது. திருச்சியை ஐந்தாம் வரியில் எழுதுகிறது.

நடப்பது என்ன? கம்ப்யூட்டர் மேலேயிருந்து கீழே பார்த்துக்கொண்டு வருகிறது. முதல் வரியில் இடம் இருந்தால், அதையே கொடுத்துவிடும். ஐந்தாம் வரியைத் திரும்பியும் பாராது. அந்த ராங்குக்குத் திருச்சி கிடைப்பதாக இருந்தாலும் பயன் இல்லை.

திருச்சியை முதல் வரியில் எழுதியிருந்தால்? கிடைத்தால் லாபம். கிடைக்காவிட்டால் இரண்டாம் வரிக்கு வரும். நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆகவே ஆசை எந்த வரிசையில் இருக்கிறதோ, அந்த வரிசையில் எழுதுங்கள். நிறைய எழுதுங்கள். போய்ச் சேர விருப்பம் இல்லாத இடத்தை மட்டும் எழுதாதீர்கள்.

இடம் கிடைத்ததும் மூன்று கேள்வி கேட்பார்கள். “இதுவே போதும்” என்றால் ‘பிரீஸ்’. “இதை வைத்துக்கொள்கிறேன், பட்டியலில் இதற்கு மேலே எது கிடைத்தாலும் மாறுகிறேன்” என்றால் ‘புளோட்’. “கல்லூரி இதுவே, அதில் வேறு நல்ல படிப்பு கிடைத்தால் மாறுகிறேன்” என்றால் ‘ஸ்லைடு’. மேலே ஓர் இடம் கிடைத்துவிட்டால், பழைய இடம் தானாகவே போய்விடும். பிறகு “பழையதே நல்லது” என்று சொல்லிப் பயன் இல்லை.

பணம்: கேட்டால்தானே கிடைக்கும்?

ஐ.ஐ.டி.யில் 2016 முதல் படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய். அதைக் கேட்டவுடன் ஏழைத் தகப்பனார் மலைத்துப்போகிறார். ஆனால் அதே உத்தரவில் சலுகையும் இருக்கிறது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சத்துக்குக் குறைவாக இருந்தால், எந்த வகுப்பினருக்கும் கட்டணம் கிடையாது. 5 லட்சம் வரை இருந்தால், மூன்றில் ஒரு பங்கு கட்டினால் போதும். விடுதிச் செலவு தனி.

மாநிலக் கலந்தாய்விலும் உதவி உண்டு. 6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7½ சதவீத இடம் ஒதுக்கி 2021-ல் சட்டம் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேருவோரின் கட்டணத்தை அரசாங்கமே ஏற்கும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால், அதற்கும் தனிச் சலுகை உண்டு. இவை கேட்காமல் கிடைக்கமாட்டா. விண்ணப்பத்தில் உரிய கட்டத்தில் எழுதி, சான்றிதழும் காட்ட வேண்டும்.

பாங்கியிலே கல்விக் கடன் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு இல்லாமல் வாங்கலாம். பெற்றோர் கையெழுத்து மட்டும் வேண்டும். வட்டிக்கடைக்கு ஓடும் முன் பாங்கி மானேஜரைப் பாருங்கள்.

தனியார் கல்லூரியில் அவசரமாகப் பணம் கட்டியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏ.ஐ.சி.டி.இ. குறிக்கும் கடைசித் தேதிக்குள் விலகினால், அதன் அங்கீகாரம் பெற்ற கல்லூரி 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. அசல் சான்றிதழ்களையும் வைத்துக்கொள்ளக் கூடாது. விலகும் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தேதி: சுவரில் எழுதுங்கள்

கடைசி நாள் என்பது எல்லோரும் ஒரே நேரத்தில் மோதும் நாள். மின்சாரம் நிற்கும். இணையம் இழுக்கும். பாங்கிச் செய்தி வராது. தன்பாத் மாணவரின் கதை அதைத்தான் சொல்கிறது. ஆகவே கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பே நமக்கு நாமே ஒரு கடைசித் தேதி வைத்துக்கொள்ள வேண்டும். முன்பணத்தைப் பரீட்சை முடிவதற்கு முன்பே ஒதுக்கி வையுங்கள். வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையால் தேதிகளைக் குறித்து வையுங்கள்.

இடம் கிடைக்காவிட்டால்?

உலகம் முடிந்துவிடாது. மெயின் பரீட்சையை மூன்று ஆண்டுகள் எழுதலாம். அட்வான்ஸ்டு பரீட்சை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் எழுதலாம். ஆனால் இன்னோர் ஆண்டு வீட்டில் இருந்து படிப்பதைப் பிள்ளைதான் விரும்ப வேண்டும். பெற்றோர் திணிக்கக் கூடாது.

பாலிடெக்னிக் படித்துவிட்டு, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப் படிப்புக்கு ஜே.இ.இ. தேவை இல்லை, அவர்களே வைக்கும் தகுதித் தேர்வில் தேறினால் போதும்.

பிள்ளை சாப்பிடாமல், பேசாமல் அறைக்குள்ளேயே இருந்தால், பெற்றோர் அதைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசவும் கூடாது. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால், மனநல ஆலோசகர் பேசுவார். கட்டணம் இல்லை.

அரசாங்கம் செய்ய வேண்டியது

எல்லோருக்கும் ஒரே விதி என்கிறார்கள். உண்மைதான். ஆனால் பாங்கிக் கணக்கில் பணம் வைத்திருப்பவருக்கும், அன்றாடம் கூலி வாங்குபவருக்கும் நான்கு நாள் கெடு என்பது ஒன்றா? ஏழைப் பிள்ளையின் முன்பணத்தைச் சேர்ந்த பிறகு வாங்கினால் என்ன நஷ்டம்? ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளியிலும் கலந்தாய்வு முடியும் வரை ஓர் ஆசிரியரை இதற்கென்றே அமர்த்தினால், எத்தனை இடங்கள் வீணாகாமல் தப்பும்! சுப்ரீம் கோர்ட்டு ஒரு பிள்ளைக்கு வழி திறந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வழி திறக்க வேண்டியது அரசாங்கத்தின் கடமை.

அது நடக்கும் வரை குடும்பம்தான் விழிப்பாக இருக்க வேண்டும். பிள்ளை இரண்டு வருடம் கண் விழித்துப் படித்தது. இனி இரண்டு மாதம் நாம் கண் விழிப்போம்.