சிக் ரிப்போர்ட் போடுங்கள், தோழர்களே!

பட்டாளத்துத் தோழர்களே, மாதக் கடைசி வருகிறது. ஸ்பர்ஷ் வழியாகப் பென்ஷன் விழுந்த இரவே அது மொத்தமும் சூதில் கரைந்துபோகும் வீடுகள் நம் நடுவில் இருக்கின்றன. எந்த வீடு என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் வாய் திறக்காமல் இருக்கிறோமே, அதற்காகத்தான் கூப்பிடுகிறேன்.

என்னோடு ஒரே பங்கரில் படுத்தவன் ஒருவன். ஹவில்தாராக வெளியே வந்தான். கம்யூட்டேஷன், கிராஜுட்டி, ஃபண்டு எல்லாம் சேர்ந்து கைக்கு வந்தபோது அவனுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. தண்ணீர் பாய்ச்சப் போகிறேன் என்று ராத்திரியில் மோட்டார் கொட்டகைக்குப் போவான். ஒருநாள் விடியற்காலையில் பக்கத்துக் கொல்லைக்காரர் வாசலில் வந்து கத்தினார். வாய்க்கால் உடைத்துக்கொண்டு அவருடைய கடலைச் செடியெல்லாம் முழுகிக் கிடந்தது. இவன் மனைவி ஓடிப்போய்ப் பார்த்தால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது; இவன் சாக்கின்மேல் குந்திக்கொண்டு, சார்ஜரைச் செருகியபடியே போனில் ரம்மி ஆடிக்கொண்டிருக்கிறான். அவள் கூப்பிட்டது காதில் விழவில்லை. மகளுக்கென்று வாங்கிப்போட்ட மனை அதற்கு முன்பே கைமாறியிருந்தது.

என்னிடம் மூன்று முறை கடன் கேட்டான். இரண்டு முறை கொடுத்தேன். மூன்றாம் முறை போனை எடுக்கவில்லை. டாக்டரிடம் போகலாம் வாடா என்று ஒருமுறைகூட நான் சொல்லவில்லை. அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை.

அவனைச் சோம்பேறி, பேராசைக்காரன் என்று ஊர் சொல்லலாம், நாம் சொல்லக் கூடாது. பின்வாங்காதே என்றுதானே நமக்குப் பழக்கினார்கள்? விட்டதைப் பிடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று அவன் உட்கார்ந்ததும் அதே பழக்கம்தான். எல்லையில் உயிரைக் காத்த குணம் சூதில் ஆளை விழுங்குகிறது. ராத்திரி சென்ட்ரி நின்று நின்று கெட்டுப்போன தூக்கம், வெளியே வந்தபின் செய்ய ஒன்றுமில்லாத பகல், யாரிடமும் சொல்லாமல் உள்ளே கிடக்கும் சாவுகள் எல்லாம் அதோடு சேர்ந்துகொள்கின்றன. நம் ஊரில் மட்டுமல்ல. பிரிட்டனில் ஸ்வான்சீ பல்கலைக்கழகம் ஆராய்ந்து பார்த்ததில், முன்னாள் படைவீரர்கள் சூதால் பாதிக்கப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பத்து மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. அமெரிக்காவில் 1972-லேயே ஒஹையோ மாநிலத்தின் பிரெக்ஸ்வில் படைவீரர் மருத்துவமனையில் சூதாட்ட நோய்க்கென்று உள்நோயாளிப் பிரிவு திறந்துவிட்டார்கள்.

நோய் என்றே சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இது இருக்கிறது. மது, போதை அடிமைத்தனத்தோடு ஒரே வரிசையில் வைத்துத்தான் மருத்துவர்கள் இதைப் பார்க்கிறார்கள். பேச்சு வழிச் சிகிச்சை உண்டு. தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. இவற்றால் மீண்டவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு ஏன் போக மாட்டேன் என்கிறோம்? உடம்பு சரியில்லை என்று எம்.ஐ. ரூமுக்குச் சிக் ரிப்போர்ட் போனவனை லைனில் நாம் எப்படிப் பார்த்தோம் என்று நினைத்துப் பாருங்கள். டிமிக்கி கொடுக்கிறான் என்று சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் இன்றைக்கு நம் ஆட்கள் டாக்டரிடம் போகாமல் கிடக்கிறார்கள். அந்தப் பயத்தைப் போக்க வேண்டியவர்கள் அன்று சிரித்த நாம்தான்.

சட்டம் வந்துவிட்டதே என்று சும்மா இருக்காதீர்கள். 2025 ஆகஸ்டில் ஆன்லைன் காசாட்டத்தைத் தடுத்து நாடாளுமன்றம் சட்டம் போட்டது, பெரிய ரம்மி ஆப்கள் காசாட்டத்தை நிறுத்தின, எல்லாம் சரி. ஆட்டம் நின்ற இடத்தில் கடன் நிற்கிறது. வெளிநாட்டு பெட்டிங் தளம், மூணு நம்பர் லாட்டரி, தோப்புக்குள் சீட்டு என்று வெறி வேறு வழி தேடிக்கொள்ளும்.

ஆகவே இந்த வாரமே கிளம்புங்கள். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் உள்ள ஊர்களில் தெருவுக்கு இரண்டு பேர் போதும். ஆடுகிறவனுக்குக் கடன் கொடுக்காதீர்கள், டாக்டரிடம் அவன்கூட நடந்து போங்கள். ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் மருத்துவ அதிகாரியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னால் மனநல மருத்துவருக்கு ரெஃபரல் எழுதுவார். கார்டு இல்லாதவருக்கு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு இருக்கிறது. நடுராத்திரியில் மனம் உடைந்தால் 14416, டெலி மானஸ்; எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. சாக வேண்டும்போல் இருக்கிறதா என்று அவனிடம் நேராகவே கேளுங்கள். ஆம் என்றால் தனியே விட்டுவிட்டு வராதீர்கள். அவன் சம்மதத்தோடு பென்ஷன் கணக்கில் மனைவி பெயரையும் சேருங்கள், போனில் யு.பி.ஐ. வரம்பைக் குறையுங்கள். சங்கக் கூட்டத்தில் கேண்டீன் கோட்டாவைப் பேசும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். சுபேதார் சாப்களே, நீங்கள் முதலில் வாய் திறந்தால் ஜவான்கள் பேசுவார்கள்.

அம்மா, தங்கச்சி, வீட்டில் இருப்பவர்களே, ஆடுகிறவர் வர மறுத்தாலும் நீங்கள் போய் டாக்டரிடம் யோசனை கேளுங்கள். டெலி மானஸ் உங்களுக்கும்தான்.

திங்கட்கிழமை காலை பாலிகிளினிக் திறக்கும்போது என் பங்கர் தோழனோடு வாசலில் நிற்பேன். உங்கள் ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கார்டை மறந்துவிடாதீர்கள்.