வயலறிந்த வழக்கறிஞர்

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மாவலி கங்கையின் கிளையாகிய வெருகலாற்றை நோக்கிக் கடலோரமாக நீண்டு கிடப்பது ஈச்சிலம்பற்று. பூநகர், இலங்கைத்துறை முகத்துவாரம், வெருகல் என்னும் பெயர்களைக் கேட்டமாத்திரத்தே சித்திரவேலாயுத சுவாமி கோயிற் கொடியேற்றம் பலர் மனக்கண்முன் தோன்றும். எனக்கோ காணி உறுதிகளே தோன்றுகின்றன. அழகற்ற நினைவென்று அன்பர்கள் நகைக்கலாம். ஆயினும் கோயில் விழாவுக்குப் பொங்கல் அரிசி கொடுத்தது வயல். வயலை வைத்திருந்தது உறுதி.

இப்பகுதிக்கு அயலூராகிய கிளிவெட்டியைச் சேர்ந்த திரு. அ. தங்கத்துரை அவர்களை (1936–1997) இன்று நினைவுகூர்வோர், அவர் 1970இல் மூதூர் இரட்டை அங்கத்தவர் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் புகுந்ததையும், 1994இல் திருகோணமலை மாவட்டத்திலிருந்து மீண்டும் தெரிவானதையும், 1997 யூலை 5ஆம் நாள் திருகோணமலையிற் பாடசாலை விழாவொன்றிலே கைக்குண்டுக்கு இரையானதையுமே எடுத்துரைப்பர். கொடிய மரணம் ஒருவருடைய வாழ்வு முழுவதையும் விழுங்கிவிடுகின்றது. அவர் வயல் சூழ்ந்த நாட்டிலிருந்து வந்த சட்டத்தரணி என்பது அஞ்சலியுரைகளில் மூன்றாம் வரியிலும் இடம்பெறுவது அரிது. என் கருத்தில் அதுவே முதல் வரியாதல் வேண்டும். மேடையிற் காணியைப் பற்றிப் பேசுவோர் நம்மிடையே என்றும் மலிந்திருக்கின்றனர். காணி எவ்வாறு கைமாறுகின்றது, எவ்வாறு கைநழுவுகின்றது என்பதை அறிந்தோரே அரியர்.

முன்னாளிற் சிறு பட்டினங்களில் இவ்வறிவைச் சுமந்தவர்கள் பிரக்கிராசிமார். கொழும்பில் வழக்காடிய அப்புக்காத்துமாருக்கிருந்த புகழ் இவர்களுக்கில்லை. 1974இல் அவ்வேறுபாடு நீங்கி இருசாராரும் சட்டத்தரணி என்னும் ஒரே பெயர் பெற்றனர். பிரக்கிராசி பெரும்பாலும் நொத்தாரிசுமாயிருந்தார். உறுதி எழுதுவதும் அவரே, அவ்வுறுதியைக் காத்து மன்றேறுவதும் அவரே. அவர்களிற் பலருக்கு முதுசொமாக வந்த வயலிருந்தது. பாட்டனார் வயலின் வரம்பை நடந்தளந்தவனுக்கே பிறன் வரம்பின் வலி விளங்கும். ஆதலாற் குடும்பக் காணியிற் பற்றுடைய வழக்கறிஞனைப் பழைய மனிதன் என்று இகழ்வது தகாது. அவன் தொழிலுக்கு அப்பற்றே முதல்.

அவன் அறிந்திருக்க வேண்டுவன சிலவற்றை இங்கே விரித்துரைத்தல் நன்று. நம் கிராமத்துத் தந்தையர் மக்களைத் திண்ணையில் இருத்தி, கிழக்குத் துண்டு மூத்தவனுக்கு, குளத்தடி தங்கைக்கு என்று வாயாற் பங்கிடுவது வழக்கம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமோ, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளொடு எழுதப்படாத காணிக் கைமாற்றத்தை ஏற்காது. பிதா கண்மூடியபின் சட்டத்தின் கண்ணில் எல்லாரும் எல்லாத் துண்டிலும் பங்காளிகள். பேரன்மார் காலத்திலே அப்பங்கு கணக்கிற்கும் எட்டாத பின்னமாகிவிடும்.

அரசாங்கக் காணியின் கதை வேறு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டப்படி அனுமதிப்பத்திரம் பெற்றவர் தமக்குப்பின் உரியவரைத் தம் வாழ்நாளிலேயே பெயர் குறித்துப் பதிவுசெய்தல் வேண்டும். செய்யாவிடின், உறவுமுறையில் ஒரே நிலையினராகிய ஆண் பெண் இருவருள் ஆணே முந்துவான் என்று அச்சட்டம் நெடுங்காலம் விதித்திருந்தது. வயலிலே நாற்று நட்ட மகள், பட்டினத்தில் உத்தியோகம் பார்த்த தம்பிக்குக் கீழ்ப்பட்டாள். அவ்வநீதி 2022இலேதான் திருத்தப்பட்டது.

நிற்க. 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிற்று. 2006 யூலையில் மாவிலாற்று அணைக்கட்டு மூடப்பட, மூண்ட போரிலே ஈச்சிலம்பற்று மக்கள் வெருகலாறு கடந்து வாகரைக்கும், பின்னர் மட்டக்களப்புப் பக்கமும் சென்று, 2007இல் மீளக் குடியேறினர். ஓடுகின்றவன் கையிற் பிள்ளையைப் பற்றுவானா, உறுதிப் பெட்டியைப் பற்றுவானா?

இங்கேதான் அயலூர் வழக்கறிஞன் ஒருவனின் அருமை புலனாகும். நொத்தாரிசு தாம் எழுதிய உறுதியின் இணைப்படியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புதல் சட்டக் கடமை; ஆகவே வீட்டுப் பிரதி அழிந்தாலும் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம். இதனை அறியாதவன், உறுதி போயிற்று, காணியும் போயிற்றென்று எண்ணிச் சொற்ப விலைக்குக் கைவிடுவான். பிறர் பத்தாண்டு தடையின்றி ஆண்டால் உரிமை அவர்க்கே என்பது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம். ஆயுதக் குழுக்களின் செயலால் வழக்குத் தொடர இயலாதிருந்தோர்க்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அக்கணக்கினின்று விலக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறினாற் போதுமா? அதனை வெருகற் கரைவரை கொண்டுசென்று, கேட்போர்க்கு விளங்கும் தமிழிற் சொல்வார் வேண்டாமோ?

இவ்வளவு கூறியபின் மறுபக்கத்தையும் மறைத்தல் முறையன்று. காணிப்பற்றே சகோதரரைப் பகைவராக்குவதும் உண்டு. பங்கீட்டு வழக்கு ஒரு தலைமுறையில் தொடங்கி மறு தலைமுறையில் முடிவதும், காணியின் விலை கூலியாயும் செலவாயும் கரைவதும் நாம் காணாதனவல்ல. அத்தகைய வழக்குகளால் வாழும் வழக்கறிஞரும் உளர். நான் போற்றும் வழக்கறிஞன், வழக்கென்று வந்தவரை முதலில் நில அளவையாளரிடமும், அடுத்துத் தமையன் வீட்டுக்கும் அனுப்புபவன். அவனுக்கு வருமானம் குறைவு.

நம் கல்லூரியிற் கற்றுச் சட்டத்துறை புகுந்த இளைஞர் திருகோணமலை நகரிலும் கொழும்பிலும் அமர்கின்றனர். அவரைக் குறை கூறேன். பிழைப்பு அங்கேதான் உளது. ஆயினும் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். மண்டபத்துக்கும் மதிலுக்கும் திரட்டும் பொருளிற் சிறுபகுதியை ஒதுக்கி, மாதமொரு சனிக்கிழமை இளஞ் சட்டத்தரணி இருவரை ஈச்சிலம்பற்றுக்கு அனுப்பலாம். முதலாவது அமர்விலேயே, அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் முதியோர் ஒவ்வொருவரிடமும் ஒரு வினா கேட்கட்டும்: உமக்குப்பின் யார் பெயர் பதிந்திருக்கின்றீர்?