பிடில் பெட்டியை மூடாதீர்கள்!

விஜயதசமி அன்று பல வீடுகளில் பிள்ளைகளுக்குப் பிடில் பாடம் தொடங்குகிறார்கள். வாத்தியாருக்குத் தட்சிணை வைத்து வணங்குகிறார்கள். வீடே மகிழ்கிறது. தை பிறந்ததும் பிடில் பெட்டிக்குள் போகிறது. பங்குனியில் பெட்டி பரண்மேல் ஏறிவிடுகிறது!

"பிள்ளைக்கு அக்கறை போதாது" என்கிறார்கள் பெற்றோர். "எனக்கு இது வராது" என்கிறது பிள்ளை. இரண்டும் தவறு.

வீணையில் 24 மெட்டுகள் உண்டு. அவற்றைப் பார்த்து விரலை வைக்கலாம். பிடிலில் மெட்டே கிடையாது. விரல் ஒரு நூல் விலகினாலும் சுருதி சேராது. சரியான இடத்தைக் காதுதான் சொல்ல வேண்டும்.

காது முதலில் தேறும். விரல் மெதுவாகத்தான் வரும். தொடக்கத்தில் பிசகாக வாசித்தாலும் பிள்ளைக்குத் தெரியாது, உற்சாகமாக வாசிக்கும். சில மாதம் போனதும் காது தேறிவிடும். தன் பிசகு தனக்கே கேட்கும். "முன்பு நன்றாக வந்ததே, இப்போது கெட்டுவிட்டதே!" என்று மனம் சோரும். உண்மையில் கெட்டது ஒன்றும் இல்லை. பிள்ளை முன்னேறி இருக்கிறது! பாவம், அதை எடுத்துச் சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை.

இந்தச் சமயத்தில்தான், "அடுத்த வீட்டுப் பெண் வர்ணமே வாசிக்கிறாள்" என்று அம்மா சொல்லுவார். விருந்தாளி முன்னால் வாசிக்கச் சொல்லுவார் அப்பா. பெட்டியை மூட வேறு காரணம் வேண்டுமா?

ஞாயிறு அன்று மூன்று மணி நேரம் உட்கார வைப்பதைவிட, தினம் அரை மணி போதும். பிசகுகிற இடத்தை மட்டும் முதல் காலத்திலே, நிதானமாக, பத்துத் தடவை வாசிக்கட்டும். விரல் படிந்த பிறகு இரண்டாம் காலம் போகலாம்.

சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் மட்டுமே மாதக்கணக்கில் வாசித்தால் யாருக்கும் அலுக்கும். இடையே ஒரு சின்னப் பாட்டு வேண்டும். பிடில் ஐரோப்பாவிலிருந்து வந்த வாத்தியம். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு சென்னையில் அதைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர் பாலுஸ்வாமி தீட்சிதர். அவருடைய அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர், மேல்நாட்டு மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் எழுதினார். அவைதான் நொட்டுஸ்வரங்கள். சின்னப் பாட்டுகள், கமகத் தொல்லை இல்லை. இளம் விரல்களுக்கு ஏற்றவை. "பாடம் கெட்டுப்போகும்" என்று சில வாத்தியார்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்! பிள்ளை பிடிலைத் தானாகக் கையில் எடுக்கிறதே, அது பெரிது.

இன்னொரு வழியும் உண்டு. செலவில்லாதது. மாதம் ஒருமுறை, வாசிப்பைக் கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து முதல் பதிவைப் போட்டுக் காட்டுங்கள். அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்டுப் பிள்ளையே சிரித்துவிடும்.