வீட்டுக்கு விலையா, தெருவுக்கு விலையா?

வீட்டுக் கடன் கேட்டுப் போகிறவர்களுக்குச் சம்பளச் சீட்டும் சிபில் மதிப்பெண்ணும் போதாது. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்த்து ஓர் அறிக்கை எழுதவேண்டும். பல வங்கிகளில் புழங்கும் அந்தப் படிவத்தில், மனையின் நீள அகலத்தோடு வேறு இரண்டு கட்டங்களும் உண்டு. ஒன்று, 'பகுதியின் தன்மை'. மற்றது, 'பகுதியின் வகை: உயர்தரம், நடுத்தரம், ஏழை'. டேப் வைத்து அளக்க முடியாத இந்தக் கட்டங்கள்தான் எனக்குக் கவலை தருகின்றன.

மறைமலை நகர் திட்டமிட்டு உருவாக்கிய துணை நகரம். அதைச் சுற்றி இருப்பவையோ ஊரும் சேரியுமாகப் பிரிந்து கிடக்கும் பழைய கிராமங்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளின் சம்பளத்தை நம்பி அங்கேயும் வீடு வாங்குகிறார்கள். 'நல்ல ஏரியா', 'டீசன்டான ஆளுங்க', 'மறுபடி வித்தா போகாது' என்று அங்கே பேசினால், யாரைச் சொல்கிறார்கள் என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை. இந்தப் பேச்சு அப்படியே அறிக்கையில் ஏற அந்த இரண்டு கட்டங்கள் வழிவிடுகின்றன. 'காலனி' என்பது வசைச்சொல்லாக மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வங்கி ஆவணத்துக்கு மட்டும் ஏன் விலக்கு?

சொல் பணமாகும் கணக்கு எளிது. ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன், சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 60 லட்சத்துக்குப் பேசிய வீட்டுக்கு மதிப்பீட்டாளர் 50 லட்சம் போட்டால், கிடைக்கக்கூடிய கடன் 48 லட்சத்திலிருந்து 40 லட்சமாக இறங்கிவிடும். அந்த 8 லட்சத்தைப் புரட்டத் தாத்தன் சொத்து வேண்டும். இதே செங்கல்பட்டில்தான், பறையர் மக்களில் பலருக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்று 1891இல் ஆட்சியர் திரமென்கீர் அரசுக்கு எழுதினார்.

அமெரிக்காவில் நியாய வீட்டுவசதிச் சட்டத்துக்குள் மதிப்பீட்டு வேலையும் அடங்கும். அப்படியிருந்தும், அக்கம்பக்கத்தாரின் இனத்தைக் குறிப்பிடும் அறிக்கைகள் இன்னும் எழுதப்படுவதை 2021இல் அந்நாட்டு அரசு அமைப்பே வெளியிட்டது. அங்கே அப்படி ஒரு வரி வழக்குக்குச் சான்றாகும். இங்கே அது மதிப்பீட்டாளரின் 'கருத்து' என்று போய்விடுகிறது.

வீட்டுக் கடனில் பாகுபாட்டைத் தடுக்க இங்கே தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் பொதுத்துறை வங்கி, அரசமைப்பின் 12ஆம் பிரிவின்படி 'அரசு'. பிரிவு 15(1) அதைக் கட்டுப்படுத்தும். 'ஏழை' என்று டிக் அடிக்க என்ன அளவுகோல் என்று நீதிமன்றம் கேட்டால், வங்கி என்ன சொல்லும்? தனியார் வங்கிகளை இப்படிக் கேட்க நேரடி வழியில்லை என்பதுதான் பெரிய ஓட்டை.

'சந்தை அப்படி இருக்கிறது, மதிப்பீட்டாளர் என்ன செய்வார்?' என்பார்கள். சந்தை அப்படித்தான் என்றால், அதே தெருவில் பதிவான கிரயப் பத்திரங்களைக் காட்டட்டும். எண்ணை எதிர்த்து வாதாடலாம். 'தன்மை'யை எதிர்த்து எதை வைத்து வாதாடுவது?

அந்த இரண்டு கட்டங்களும் நீக்கப்பட வேண்டும். சாலை அகலம், வடிகால், பேருந்து நிறுத்தத்தின் தூரம், பதிவான விலை போன்றவற்றை மட்டும் எழுதட்டும். அறிக்கையின் நகலை விண்ணப்பதாரருக்குத் தருவதும், மறுமதிப்பீடு கேட்கும் உரிமையும் கட்டாயமாக வேண்டும். அதுவரை, கடன் கேட்கும் தோழர்கள் அறிக்கையின் நகலை எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். பொதுத்துறை வங்கி மறுத்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். நம் தெருவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதை முதலில் நாம் படிக்க வேண்டும்.