படத்துக்குக் கீழே எழுதும் நாலு வரி

நம் தொழிலில் இப்போது கருவிக்குக் குறைவில்லை. ஆனையூரில் கல்யாண ஆர்டர் எடுக்கும் தம்பிகளிடம்கூட இரண்டு மிரர்லெஸ் பாடியும் ஒரு ட்ரோனும் இருக்கின்றன. சந்தோஷம்தான். லென்ஸ் ஒப்பீட்டுக்கு இந்த இதழிலும் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். ஆசிரியர் உரையில் நான் கேட்க விரும்புவது வேறு: இன்று நாம் எடுக்கும் படம் ஐம்பது வருஷம் கழித்து யாருக்காவது உதவுமா?

மதுரையில் இந்தக் கேள்விக்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. சென்னை மாகாண அரசு 1856இல் தன் புகைப்படக்காரராக நியமித்த ராணுவ அதிகாரி லின்னேயஸ் டிரைப், 1858 தொடக்கத்தில் இங்கே வேலை செய்தார். மாட்டு வண்டியில் சாமான்கள், மெழுகேற்றிய காகித நெகட்டிவ். என்லார்ஜர் இல்லாத காலம் என்பதால் நெகட்டிவ் என்ன அளவோ பிரிண்டும் அதே அளவுதான். பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய பெட்டியையே தூக்கிக்கொண்டு போகவேண்டும். காகிதத்தில் ஒளி பதிய நிமிஷக் கணக்கில் ஆகும். மண்டபத்துக்குள் இன்னும் நேரம் பிடிக்கும். அதற்குள் நடந்து போனவர் படத்தில் தங்கமாட்டார். அவருடைய புதுமண்டபத்தையும் தெப்பக்குளத்தையும் பார்க்கும்போது ஊரே காலியாக இருப்பதுபோலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் காலத்து ரசாயனம் நீல ஒளியை அளவுக்கு மீறி உறிஞ்சும். கல்லுக்குச் சரியாக எக்ஸ்போஸ் செய்தால் வானம் வெளுத்துவிடும். டிரைப் நெகட்டிவின் மேலேயே தூரிகையால் மேகம் வரைந்தார், மர இலைகளையும் திருத்தினார். வானத்தை மாற்றும் மென்பொருளை வைத்து இன்று நமக்குள் நடக்கும் சண்டை அவ்வளவு பழசு. என் தீர்ப்பைக் கேட்டால், அந்த மேகங்களை ஆவணம் என்று ஏற்கமாட்டேன்; அவற்றின் கீழே நிற்கும் திருமலை நாயக்கர் மகாலை ஏற்பேன். கவர்னர் நேப்பியர் பிரபு காலத்துச் சீரமைப்புக்கு முன்னால் அந்த மகால் எவ்வளவு சிதைந்து கிடந்தது என்பதற்கு அந்தப் படங்கள் சாட்சி. அவை வெறும் படங்களாக வரவில்லை என்பதும் முக்கியம். மதுரைக் காட்சிகள் 1858இல் நான்கு பகுதிகளாக, விளக்கக் குறிப்புகளோடு வெளியாயின. அடுத்த வருஷமே அப்போதைய கவர்னர் டிரெவெல்யன் டிரைப்பின் புகைப்படப் பிரிவை வீண் செலவு என்று மூடிவிட்டார். படங்கள் இன்றும் பேசுகின்றன.

விளக்குத்தூண் என்று நாம் சொல்லும் பிளாக்பர்ன் நினைவுத் தூணையும் டிரைப் எடுத்தார். பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்த கலெக்டர். இடித்தவருக்கு வைத்த தூண் டிரைப்புக்குக் கிடைத்தது. இடிபட்ட சுவர் கிடைக்கவில்லை, அது அவர் வருவதற்குப் பல வருஷம் முன்பே போய்விட்டது. ஆவணப் படக்காரர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இதுதான்: எந்த லென்ஸ் என்பதைவிட, இருக்கும்போதே போய் நின்றோமா என்பது.

குறிப்பு இல்லாத படம் என்ன ஆகும் என்பதற்கும் நம் மண்ணிலேயே உதாரணம் உண்டு. 1876–78 பஞ்சத்தில் வில்லோபி வாலஸ் ஹூப்பர் எடுத்த படங்களைப் பார்த்தவர் மறக்கமாட்டார். எலும்பும் தோலுமான குடும்பங்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்தவை. பஞ்சம் நடந்தது என்பதற்கு அவற்றைவிடப் பலமான சாட்சி இல்லை. ஆனால் அந்த மனிதர்கள் யார், எந்த ஊர்? உட்காரவைத்து எடுத்ததைப் பற்றிய கண்டனம் இன்றுவரை தொடர்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய குறையாகத் தெரிவது, ஒருவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளாததுதான்.

நம் காலத்தில் மதுரைக்காரர் எம். பழனிக்குமாரின் வேலையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கரிமேடு சந்தையில் மீன் விற்ற தாயின் பிள்ளை. மலம் அள்ளும் தொழிலாளர்களையும், ராமநாதபுரம் கடலில் பாசி எடுக்கும் பெண்களையும் தொடர்ந்து எடுத்தவர். 2022இல் தயாநிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அவருக்குத்தான் கிடைத்தது. பாசி எடுக்கும் பெண்கள் அவர் படங்களில் பெயரோடும் ஊரோடும் இருக்கிறார்கள். ஒருவரிடம் பெயர் கேட்கவேண்டும் என்றால் அவர் பக்கத்தில் உட்காரவேண்டும், பேசவேண்டும், மறுபடியும் போகவேண்டும். படத்தின் தரம் அங்கேதான் ஏறுகிறது.

இதெல்லாம் ஆவணப் படக்காரருக்கு மட்டும் என்று ஸ்டுடியோ நண்பர்கள் ஒதுங்கவேண்டாம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடித் தேடி எண்ணிம வடிவத்தில் சேமித்தது. அன்றைக்குச் சாதாரண ஆர்டர்தான். இன்றைக்கு நகை, புடவைக் கட்டு, குடும்பத்தில் யார் உட்கார்ந்தார், யார் நின்றார் என்று எல்லாவற்றையும் சொல்லும் சரித்திரம். நாமோ ஆல்பம் கொடுத்த கையோடு ஹார்ட் டிஸ்க்கை அழித்து அடுத்த முகூர்த்தத்துக்குத் தயாராகிறோம். வாடிக்கையாளரிடம் அனுமதி கேட்டு, ஒரு கல்யாணத்துக்கு இருபது படமாவது எடுத்து வையுங்கள். இரண்டு டிஸ்க்கில் ஒரு பிரதி வீதம், மூன்றாவது வேறொரு வீட்டில். லைட்ரூமில் குறிப்புப் பகுதியில் தமிழிலேயே தட்டலாம்: எந்த இடம், எந்தத் திசை பார்த்து, என்ன தேதி, படத்தில் இருப்பவர் யார், என்ன வேலை நடக்கிறது. நாலு வரி போதும். “சித்திரைத் திருவிழா ஃபைனல் 2” என்று கோப்புறைக்குப் பெயர் வைத்தால் உங்கள் பிள்ளைக்குக்கூட அது விளங்காது.

அழகர் ஆற்றில் இறங்குவதை ஆயிரம் கேமராக்கள் எடுக்கின்றன. கண்மாய்களை எடுப்பவர் எத்தனை பேர்? உலகனேரிக் கண்மாயில் 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை நடக்கிறது. தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில் மாநகராட்சி அலுவலகம் நிற்கிறது. ஆனையூர் 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்தது; அதற்குப் பிறகு மாறிய தெருக்களை வீடு வீடாகச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தண்ணீர் நின்ற உலகனேரி, தல்லாகுளம், ஆனையூர் கண்மாய்ப் படங்கள் உங்கள் பரணிலோ, பழைய நெகட்டிவ் கவரிலோ, அப்பாவின் ஸ்டுடியோ அலமாரியிலோ இருந்தால் ஸ்கேன் செய்து, எடுத்தவர் பெயரும் ஆண்டும் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழின் நடுப்பக்கங்கள் அவற்றுக்குத்தான்.