தகவல் தருபவர்: தாய்

என் மகனைச் சோதித்த தாளில் என் பெயருக்கு எதிரே 'தகவல் தருபவர்' என்று எழுதியிருந்தது. முக்கால் மணி நேரம் நான்தான் பேசினேன். பொத்தானைத் தானே போடுகிறானா, கடைக்குப் போனால் மீதிச் சில்லறை வாங்கி வருகிறானா, தெருவில் யாரோடு விளையாடுகிறான். வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் என்று அதற்குப் பெயர். பிள்ளையை அன்றாடம் பார்ப்பவரைக் கேட்டுத்தான் அதில் மதிப்பெண் போடமுடியும். சோதனைக்கான விடை என் தலைக்குள் இருந்தது. அறிக்கையை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்கள். அவர் அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

"சொந்தத்துல கட்டுனதாம்மா? மாசமா இருந்தப்ப என்ன மாத்திரை சாப்ட்ட?" மருத்துவருக்கு இந்த விவரம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி ஏன்? கல்வராயன் மலையிலிருந்து விடிகாலையில் பஸ் ஏறி வந்த பெண்ணுக்கும் இதே கேள்வி. அப்பாக்களிடம் ஆதார் எண் மட்டும் கேட்டார்கள்.

இன்னொரு ஏமாற்று, சதவீதம். 40 சதவீதம் வந்தால் சான்றிதழ், அடையாள அட்டை, உதவித்தொகைக்கு மனு. எல்லாம் வேண்டியதே. ஆனால் அவனுக்குக் கூட்டல் எப்படிச் சொல்லித்தருவது என்று அந்த எண் சொல்லாது. அதற்குத் தனிநபர் கல்வித் திட்டம் எழுதவேண்டும், மாதாமாதம் பார்க்கவேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, பாகுபாடில்லாமல் சேர்ப்பதையும் தேவைக்கேற்ற உதவியையும் முன்னேற்றத்தைக் கண்காணிப்பதையும் பள்ளியிடம் எதிர்பார்க்கிறது. 40 சதவீதம் என்ற பேச்சே அந்தப் பிரிவில் இல்லை. நம்மிடமோ, "சர்டிபிகேட் கொண்டா, அப்புறம் பாக்கலாம்."

கொண்டுபோனேன். "நீ வந்து கூட உக்காந்துக்கம்மா" என்றார்கள். சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்குச் சுற்றுகிறவர். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர் வராத நாட்களை நிரப்புவது யார்? மரவள்ளிக் கொல்லையில் கூலியை விட்டுவிட்டு வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்காரும் நான். அரசாங்கம் தரவேண்டிய ஆசிரியர் வேலையை 'தாய்ப்பாசம்' என்று பெயர்மாற்றி இலவசமாக வாங்கிக்கொள்கிறார்கள். என் வீட்டுக்காரரை ஒருநாள்கூட யாரும் உட்காரச் சொன்னதில்லை.

அடுத்த முறை கையெழுத்துக் கேட்டபோது, முதலில் நகல் வேண்டும் என்றேன்.

"உனக்கு எதுக்கும்மா?"

"தகவல் தந்தது நான்தானே சார்."

ஜெராக்ஸ் எடுத்துவரச் சொன்னார்கள். வடக்கனந்தல் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, என் பிள்ளையைப் பற்றி எழுதியிருந்ததை முதல்முறையாக நானே படித்தேன். இரண்டு இடத்தில் தப்பாக எழுதியிருந்தார்கள்.