சித்தி கைமேல் பழி போட்ட விதைப் பாக்கெட்

"நம்ம வெயிலுக்கு ஹாலிஹாக் எல்லாம் வராதுப்பா, அது குளிர்நாட்டுச் செடி." இந்த வசனத்தை இன்னொரு தடவை யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். வந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்கு: செம்பருத்தி, வெண்டை, துத்தி எல்லாம் இருக்கிற குடும்பம்தான் ஹாலிஹாக்கும். ஆளுயரத்தைத் தாண்டி ஒற்றைத் தண்டாக வளரும். கீழிருந்து மேலே வரிசையாகப் பூக்கும். இங்கிலாந்து கிராமத்து வீட்டுப் படங்களில் சுவரோரம் நிற்குமே, அதுதான்.

நான் படிப்பது டெல்லியில். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குச் சித்தி வீடு. 2023 மார்ச்சில் சித்தி ஆசையாக ஒரு பாக்கெட் விதை வாங்கி வந்தார். "கடைசி உறைபனி முடிந்ததும் வசந்தத்தில் விதைக்கவும்" என்று பின்பக்கம் போட்டிருந்தது. அப்படியே செய்தார். இரண்டு வாரத்துக்குள் முளைத்தது. ஏப்ரலில் நாலைந்து இலை. மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. காலை மாலை தண்ணீர் ஊற்றியும் எல்லாம் சருகு. "என் கைக்கு ராசி இல்லைடா" என்று களைக்கொத்தியை மூலையில் போட்டுவிட்டார்.

என் கோபம் அங்கேதான் ஆரம்பம். தப்பு கையிலா, பாக்கெட்டிலா?

உறைபனியை வைத்து மாதம் குறிப்பது பனி கொட்டும் நாடுகளின் கணக்கு. அங்கே இளஞ்செடிக்கு எமன் குளிர். அதனால் குளிர் போனபின் விதைக்கிறார்கள். டெல்லியில் எமன் கோடை! அப்படியானால் கணக்கைத் திருப்பிப் போட வேண்டாமா? மழை ஓய்ந்ததும், செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபரில் விதைக்க வேண்டும். குளிர் மாதங்களில் செடி தரையோடு இலை பரப்பி, ஆணிவேரை ஆழமாக இறக்கிக்கொள்ளும். பகல் நீண்டு வெயில் ஏற ஏறத் தண்டு எழும்பும். மார்ச், ஏப்ரலில் பூ. அக்னி வெயில் வருவதற்குள் விதையும் முற்றிவிடும். மார்ச் மாதம் டெல்லிக் குடியிருப்புகள் பக்கம் நடந்து பாருங்கள், சுவருக்கு மேலே எட்டிப் பார்க்கும். அங்கிருக்கும் மாலிகளைக் கேளுங்கள், மாதத்தைச் சொல்வார்கள். பாக்கெட் சொல்லாது.

"குளிர்நாட்டுச் செடி" என்பதும் அரைகுறைப் பேச்சு. இதன் சொந்தபந்தங்கள் காட்டுச்செடிகளாக வளர்வது பெரும்பாலும் துருக்கி, ஈரான், மத்திய ஆசியா பக்கம். கோடையில் காய்ந்து கிடக்கும் பூமி. வடக்கே இதற்குக் குல்கைரா என்று பெயர், யுனானி வைத்தியத்திலும் உண்டு. இங்கிலாந்துக்கே இது வந்த செடிதான்!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். குளிர்நாடுகளில் இரண்டு மூன்று வருஷம் இருக்கும் செடி, இங்கே ஒரு பருவத்தோடு போய்விடும். இருக்கட்டுமே. கத்தரிக்காயிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிறோமா?

அந்த அக்டோபரில், அதே பாக்கெட்டில் மிச்சமிருந்த விதையை, அதே சுவரோரம் நானே போட்டேன். அரை சென்டிமீட்டர் ஆழம், ஒன்றரை அடி இடைவெளி. ஆணிவேர்ச் செடியைப் பிடுங்கி நட்டால் பிடிக்காது என்பதால் நேராகத் தரையில். தண்ணீர் அடியில் மட்டும். இலை நனைந்தால் துரு நோய் சுலபமாகப் பரவும். அடியிலையில் ஆரஞ்சுப் புள்ளி தெரிந்ததுமே கிள்ளித் தூரப் போட்டேன். போட்டது பன்னிரண்டு, முளைத்தது ஒன்பது, 2024 மார்ச்சில் பூத்தது ஆறு. மண் அதே, விதை அதே, மாதம்தான் வேறு.

விதை விற்பவர்களே, எந்த ஊரில் விற்கிறீர்களோ அந்த ஊர் மாதத்தை அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்? நம் மீதும் தப்பிருக்கிறது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன ஊர்க்காரர்கள் நாம். பூச்செடி என்றதும் பட்டத்தை மறந்து, வழவழப்புக் காகிதத்தில் இருப்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறோம். செடி செத்தால் கையைப் பழிக்கிறோம்.

சித்தி இப்போதெல்லாம் பாக்கெட்டே வாங்குவதில்லை. முற்றிய காய்களை உதிர்த்தெடுத்த விதை ஊறுகாய் பாட்டிலில் இருக்கிறது. வேண்டுமானால் கேளுங்கள். ஆனால் மார்ச்சில் கேட்டால் தரமாட்டேன் :-)